ராத்திரி குடித்தது, விடியுமுன் ஓட்டியது: ஒரு கேரட் வண்டி விபத்தின் முழுக் கணக்கு

குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்று தெரியாத டிரைவர் நீலகிரியில் ஒருவர்கூட இருக்க மாட்டார். சேரிங் கிராஸ் பக்கம் ராத்திரி எட்டு மணிக்குப் போனால் போலீஸ் ஊதச் சொல்லும், மாட்டினால் பத்தாயிரம் ரூபாய் என்பது எல்லாருக்கும் மனப்பாடம். அதனால் பலர் ராத்திரி வண்டியைத் தொடுவதே இல்லை. வீட்டுப் பக்கத்திலேயே குடிக்கிறார்கள், சாப்பிட்டுப் படுக்கிறார்கள், விடியற்காலையில் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வண்டியை எடுக்கிறார்கள். நேற்றுக் குடித்தது நேற்றோடு போயிற்று, நடுவில் ஒரு தூக்கம் தூங்கியாயிற்று, இனி என்ன என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கு எந்த இடத்தில் உடைகிறது என்பதை ஒரு வழக்கை வைத்துச் சொல்கிறேன்.

நான் உதகையில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் பார்க்கிற வக்கீல். கீழே வருவது ஒரே சாயலில் இருந்த சில கோப்புகளைக் கோத்து ஒரே நிகழ்வாக எழுதியது. பெயர், ஊர், தேதி எதுவும் கிடையாது, தேடாதீர்கள். இறந்துபோன பெண்ணின் குடும்பத்துக்காக வாதாடினவன் நான், அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதையும் தெரிந்துகொண்டே படியுங்கள்.

மூன்று மணிக்கு யார் ரோட்டில் இருப்பார்கள்

வெளியூர்க்காரர்களுக்கு முதலில் இதைச் சொல்ல வேண்டும். கேத்தி பாலாடா, முத்தோரை, நஞ்சநாடு பக்கமெல்லாம் கேரட் அறுவடை பகலில் நடக்கிற வேலை இல்லை. நடுராத்திரிக்கு மேல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய், தலையில் டார்ச் கட்டிக்கொண்டு பிடுங்கி, தழையை அறுத்து, மூட்டை கட்டி, கேரட் கழுவுகிற மெஷினுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து லாரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு அனுப்புவார்கள். சரக்கு மண்டிக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தால்தான் விலை, தாமதமானால் விலையும் போகும் கேரட்டும் வாடும். ஆக, இந்த மாவட்டத்தில் ஜனவரிக் குளிரில், உறைபனி விழுகிற நேரத்தில், விடிகாலை இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் நடுவே சின்னச் சின்ன பிக்கப் வண்டிகள் ஆள் ஏற்றிக்கொண்டு கிராமத்து ரோட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தப்பு. ஆனால் அந்த நேரத்தில் பஸ்ஸும் கிடையாது, ஜீப் வைத்தால் கட்டுப்படியாகாது என்பார்கள். எல்லாருக்கும் தெரிந்துதான் நடக்கிறது.

அந்த வண்டியில் முன்னால் டிரைவர், பக்கத்தில் மேஸ்திரி, பின்னால் பதினொரு பேர், அதில் ஏழு பேர் பெண்கள். இறக்கம். மூடுபனி. ரோடு ஒரு வண்டி போகிற அகலம், அதாவது பன்னிரண்டு அடி சொச்சம். இடப்பக்கம் மேடு, வலப்பக்கம் தேயிலைச் சரிவு. மூன்று மணி பத்து நிமிடம் வாக்கில் ஒரு வளைவில் வண்டி நேராகவே போய்விட்டது. விளிம்புக்கு முன்னால் பிரேக் தடம் நான்கு மீட்டர் சுமாருக்குத்தான் இருந்தது. கீழே இரண்டு அடுக்குத் தேயிலையைத் தாண்டிக் கவிழ்ந்து நின்றது. 42 வயதுப் பெண் ஒருவர் அங்கேயே இறந்துவிட்டார், நான்கு பேருக்கு எலும்பு முறிவு, ஒரு பையனுக்குத் தலைக்காயம், அவனைக் கோவைக்குக் கொண்டுபோக வேண்டி வந்தது. விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் அரசு செலவில் சிகிச்சை தருகிற ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பரிலிருந்து இருக்கிறது. அது இருந்ததால் அந்தப் பையன் வீட்டில் நகையை அடகு வைக்காமல் முதல் இரண்டு நாள் ஓடியது. ஆனால் பணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உதகையிலிருந்து கோவை 85 கிலோமீட்டருக்கு மேல், மலை இறங்கிப் போக வேண்டும். மலையில் தலைக்காயம் ஆபத்தாவதற்கு இந்தத் தூரமே பாதிக் காரணம்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவின் வாக்குமூலம் கோப்பில் இருக்கிறது. ஏறும்போதே வாடை வந்ததாம். “என்ன தம்பி, வாடை அடிக்குது” என்று கேட்டிருக்கிறார். “ராத்திரி சாப்பிட்டதுக்கா, தூங்கி எழுந்தாச்சு, ஏறுங்க நேரமாகுது” என்றிருக்கிறார் டிரைவர். மேஸ்திரி ஒன்றும் பேசவில்லை. அந்த அம்மாவும் ஏறிவிட்டார், ஏறாவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை, அடுத்த நாள் கூப்பிடவும் மாட்டார்கள். வளைவுக்குக் கொஞ்சம் முன்னாலிருந்தே வண்டி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடியது என்பதையும் அவர்தான் சொன்னார். இந்த ஒரு வரியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

‘ஒரு கட்டிங்தான் சார்’

டிரைவர் போலீஸிடம் சொன்னது, ராத்திரி ஒன்பதேகாலுக்கு ஒரு கட்டிங், அதாவது 90 மில்லி பிராந்தி போட்டேன், பத்தரைக்குப் படுத்தேன், இரண்டு மணிக்கு எழுந்தேன். நேரத்தில் அவர் பொய் சொல்லவில்லை, வீட்டில் இருந்தவர்களும் அதையே சொன்னார்கள். அளவில்தான் சந்தேகம்.

வண்டியின் டேஷ்போர்டில் காலி குவாட்டர் பாட்டில் ஒன்று கிடந்தது. நீலகிரியில் இது ஆச்சரியம் இல்லை. உடைந்த பாட்டில் யானை முதலான காட்டு விலங்குகளின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2022 மே மாதத்திலிருந்து இந்த மாவட்டத்து டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பத்தைத் திருப்பித் தருகிறார்கள். நல்ல திட்டம். அதனால் இங்கே குடிக்கிறவர்கள் பாட்டிலை வீசுவதில்லை, கடைக்குப் போகிறபோது கொடுக்கலாம் என்று வண்டியில் போட்டு வைக்கிறார்கள். பாட்டிலில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. ஆனால் அதை அவர் ஒருவரே குடித்தாரா, பாதியை நண்பருக்கு ஊற்றினாரா என்பதைப் பாட்டில் சொல்லாது.

அடுத்தது ரத்தம். விபத்து நடந்தது 3.10. ஆட்கள் வந்து தூக்கி, ஆம்புலன்ஸ் வந்து, முதல் ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். காப்பியில், அதாவது விபத்துப் பதிவேட்டு நகலில், ‘மது வாசனை உள்ளது’ என்று எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். வாசனை என்று எழுதினால் கோர்ட்டில் பத்து நிமிடம்கூட நிற்காது. இறந்தவர், அடிபட்டவர் என்று எல்லாரும் அலைந்துகொண்டிருந்த நேரத்தில் போலீஸ் கேட்டு ரத்தம் எடுத்தபோது மணி 5.45. தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கை: 100 மில்லி ரத்தத்தில் 24 மில்லிகிராம் ஆல்கஹால்.

குடித்துவிட்டு ஓட்டுவதைத் தண்டிக்கிற மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவில் வரம்பு 30. எதிர்த்தரப்பு வக்கீல் துள்ளிக் குதித்தார். ‘என் கட்சிக்காரர் வரம்புக்குள்தான் இருந்தார், பாட்டில் யாருடையதோ, வளைவில் பனி, ரோட்டில் தடுப்புச் சுவர் இல்லை, பழி நெடுஞ்சாலைத் துறை மேல்’ என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. ரத்தம் எடுக்கும்போது ஊசி குத்துமிடத்தை ஸ்பிரிட்டால் துடைத்தீர்களா என்றும் கேட்டார். அது நியாயமான கேள்வி, ஸ்பிரிட்டில் ஆல்கஹால் இருக்கிறது, துடைத்தால் சாம்பிள் கெடலாம். நல்லவேளை, ஆல்கஹால் இல்லாத மருந்தால் துடைத்ததாக நர்ஸ் குறிப்பு எழுதி வைத்திருந்தார். இந்த மாதிரி ஒரு வரியில் வழக்கே நிற்கும், விழும்.

குவாட்டரின் கணக்கு

இங்கேதான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

டாஸ்மாக்கில் விற்கிற பிராந்தி, ரம், விஸ்கி எல்லாம் பொதுவாக 42.8 சதவீதம் ஆல்கஹால். 180 மில்லி குவாட்டரில் அது 77 மில்லி, எடையில் சுமார் 61 கிராம். இது உடம்பில் கொழுப்பைத் தவிர்த்து நீர் இருக்கிற இடமெல்லாம் பரவும். ஆணுக்கு உடல் எடையில் ஏறக்குறைய 0.68 பங்கை வைத்துக் கணக்குப் போடுவார்கள், பெண்ணுக்கு அது இன்னும் குறைவு, அதனால் அதே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் அதிகம் ஏறும். நம் டிரைவர் 60 கிலோ, அதில் 0.68 பங்கு 41. 61 கிராமை 41-ஆல் வகுத்தால் வருவது, 100 மில்லி ரத்தத்துக்குச் சுமார் 150 மில்லிகிராம். வரம்பைப் போல ஐந்து மடங்கு. ஒரு குவாட்டர், ஒரே ஒரு குவாட்டர்.

இது இறங்குவது கல்லீரல் வழியாக மட்டும்தான் என்று சொல்லிவிடலாம், மூச்சிலும் சிறுநீரிலும் வியர்வையிலும் போவது ரொம்பக் கொஞ்சம். கல்லீரல் ஒரே வேகத்தில்தான் வேலை செய்யும், 100 மில்லி ரத்தத்தில் மணிக்குச் சராசரியாக 15 மில்லிகிராம் இறங்கும். ஆளுக்கு ஆள் அது 10-ம் இருக்கலாம், 20-ம் இருக்கலாம், நாள்தோறும் குடிக்கிறவர்களுக்குச் சற்று வேகமாகவும் இருக்கும். ஆனால் கடுங்காப்பி குடித்தாலும், எலுமிச்சை பிழிந்து குடித்தாலும், பச்சைத் தண்ணீரில் குளித்தாலும், வாந்தி எடுத்தாலும், தூங்கினாலும் இந்த வேகம் மாறாது. தூக்கம் கல்லீரலை விரட்டாது. காப்பி கொஞ்சம் விழிப்பைக் கொடுக்கும், அவ்வளவுதான், விழித்துக்கொண்டிருக்கிற குடிகாரன் கிடைப்பான்.

சரி, இப்போது டிரைவர் சொன்ன கட்டிங்கை வைத்துப் பார்ப்போம். 90 மில்லிக்கு உச்சம் 75. ஒன்பதேகாலில் ஆரம்பித்து மணிக்கு 15 வீதம் இறங்கினால் ஐந்து மணி நேரத்தில், அதாவது இரண்டேகாலுக்கு, ரத்தத்தில் ஒன்றும் இருக்கக் கூடாது. ஆனால் 5.45-க்கு 24 இருக்கிறது. அப்போது கட்டிங் கதை பொய். குவாட்டரை வைத்துப் போட்டால், எட்டரை மணி நேரத்தில் 127 இறங்கி, 5.45-க்கு 22 அல்லது 23 இருக்க வேண்டும். அறிக்கையில் 24. பாட்டிலும் ரத்தமும் ஒரே கதையைச் சொல்கின்றன.

இனி பின்னோக்கிப் போகலாம். விபத்துக்கும் ரத்தம் எடுத்ததற்கும் நடுவே இரண்டு மணி 35 நிமிடம். சராசரி வேகத்தில் அந்த நேரத்துக்குள் 39 இறங்கியிருக்கும், ஆக விபத்து நேரத்தில் 63. அவருக்குச் சாதகமாக, ரொம்ப மெதுவான கல்லீரல் என்று வைத்து மணிக்கு 10 போட்டாலும் 50. வேகமான கல்லீரல் என்றால் 75-க்கு மேல். எப்படிப் போட்டாலும் 30-ஐத் தாண்டுகிறது. டாக்டரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி இந்தக் கணக்கைச் சொல்ல வைத்தோம். கிரிமினல் வழக்கில் இந்த மாதிரிப் பின்கணக்கு 185-க்குப் போதுமா என்பதில் சண்டை போடலாம், சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டிய இடம் அது. இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தாலே போதும். தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது.

‘நான் பிராந்தி தொடமாட்டேன், பீர்தான்’ என்று சொல்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 650 மில்லி ஸ்ட்ராங் பீர் 8 சதவீதம் என்றால் அதில் 41 கிராம் ஆல்கஹால், குவாட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. இரண்டு பீர் குவாட்டரைத் தாண்டிவிடும்.

63 மில்லிகிராம் என்ன செய்யும்

63 என்பது தள்ளாடுகிற அளவு இல்லை. நேராக நடக்கலாம், பேசலாம், “ஏறுங்கக்கா” என்று தெளிவாகச் சொல்லலாம். ஆபத்தே இதில்தான் இருக்கிறது, பார்க்கிறவருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. முதலில் போவது ஒரே நேரத்தில் இரண்டு மூன்று விஷயத்தைக் கவனிக்கிற திறன். மலை ரோட்டில் இறக்கத்தில் ஸ்டியரிங், கியர், பிரேக், பனிக்குள் தெரிகிற விளிம்பு, பின்னால் ஆட்களின் பாரம், எல்லாம் ஒரே சமயத்தில் மண்டைக்குள் ஓட வேண்டும். ஆல்கஹால் ஏறியவர் ஒன்றைப் பார்த்தால் இன்னொன்றை விடுகிறார். வண்டி ஒரு பக்கம் போவது தாமதமாகத் தெரிகிறது, தெரிந்ததும் அளவுக்கு அதிகமாகத் திருப்புகிறார், மறுபடி தாமதமாக மறுபக்கம் திருப்புகிறார். அந்த அம்மா சொன்ன ஆட்டம் இதுதான். கண்ணும் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் மாறி மாறிப் பழகுவதில் மெதுவாகிறது. பனியில் ஹெட்லைட் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கிற வெளிச்சம் சும்மா இருக்கிறவருக்கே தொல்லை.

40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு வினாடிக்கு 11 மீட்டர் போகிறோம். பிரேக்கை அரை வினாடி தாமதமாக மிதித்தால் ஐந்தரை மீட்டர். ரோட்டின் மொத்த அகலமே அதைவிடக் குறைவு.

இதோடு அந்த நேரத்தையும் சேர்க்க வேண்டும். விடிகாலை இரண்டிலிருந்து ஐந்து வரை உடம்பு தானாகவே தூங்கப் பார்க்கும், குடிக்காதவருக்கும் அப்படித்தான். குடித்துவிட்டுத் தூங்குகிற தூக்கம் வேறு தூக்கம், சீக்கிரம் கண் சொருகும், ஆனால் பாதி ராத்திரிக்கு மேல் துண்டு துண்டாக உடையும். மூன்றரை மணி நேரம் படுத்திருந்தார் என்றால் மூன்றரை மணி நேரம் தூங்கினார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. சரியாகச் சாப்பிடாமல் குடித்தவர்களுக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்குவதும் உண்டு.

அப்புறம் இந்தக் குளிர். ‘மலையில குளிருக்கு ரெண்டு பெக் போட்டாதான் உடம்பு தாங்கும்’ என்று டூரிஸ்ட் சொல்வதைக் கேட்டிருக்கிறேன், உள்ளூர்க்காரர்களும் சொல்கிறார்கள். ஆல்கஹால் தோலுக்குப் போகிற ரத்தக் குழாயை விரிக்கிறது, அதனால் தோல் சூடாகத் தெரிகிறது, ஆனால் உள்ளிருக்கிற சூடு தோல் வழியாக வெளியே போய்க்கொண்டே இருக்கிறது. இந்த டிரைவர் தூக்கியெறியப்பட்டு, பனியில் நனைந்த தேயிலைக்குள் ரொம்ப நேரம் கிடந்தார். ஆஸ்பத்திரிக்கு வரும்போது உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது என்று கேஸ் ஷீட்டில் இருக்கிறது. அவரைவிட மோசமாக அடிபட்ட பெண்கள் அந்த அளவுக்குக் குளிர்ந்து போகவில்லை.

மூன்றாம் நாள் ராத்திரி

கேஸ் ஷீட்டில் நான் எதிர்பார்க்காத இன்னொரு பக்கம் இருந்தது. காலில் எலும்பு முறிவுக்காக வார்டில் படுத்திருந்தவருக்கு இரண்டாம் நாள் கை நடுக்கம், வியர்வை. மூன்றாம் நாள் ராத்திரி, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று கத்தி, டிரிப்ஸைப் பிடுங்கி எறிந்து, கட்டுப்போட்ட காலோடு எழுந்து ஓடப் பார்த்திருக்கிறார். பேய் பிடித்துவிட்டது, இறந்தவள் வந்துவிட்டாள் என்று வீட்டில் ஒருத்தர் சொல்லிவிட, வேண்டாத பேச்செல்லாம் கிளம்பியது.

அது தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வருகிற நிலை. மூளை பல வருஷமாக ஆல்கஹாலுக்கு ஏற்றபடி தன்னை மாற்றி வைத்திருக்கும், அது நின்றதும் கட்டுப்பாடு இல்லாமல் துடிக்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் இந்த மாதிரிக் குழப்பமும் மாயக் காட்சிகளும் வரலாம், கவனிக்காவிட்டால் உயிரே போகும். டாக்டர்கள் அமைதிப்படுத்தும் மருந்தும் தயமின் என்கிற பி1 வைட்டமினும் கொடுத்துச் சரிசெய்தார்கள். அதனால்தான் தினமும் குடிக்கிறவரிடம் ‘நாளையிலிருந்து நிறுத்து’ என்று சொல்லி வீட்டுக்குள் பூட்டி வைப்பது ஆபத்து என்கிறார்கள், மருத்துவரிடம் கூட்டிப்போய் நிறுத்த வேண்டும். 14446 என்று போதை மீட்புக்கு ஒரு இலவச எண் இருக்கிறது, மனநலத்துக்கு 14416.

சட்டப் பார்வையில் எனக்கு இது முக்கியமாகப் பட்டது. ஒரு நாள் ஆசைக்குக் குடித்தவருக்கு இது வராது. அவர் தினமும் குடித்திருக்கிறார், அதாவது அறுவடை இருந்த ஒவ்வொரு விடிகாலையும் ஏறக்குறைய இதே நிலையில்தான் வண்டி ஓட்டியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் ஒன்றும் ஆகவில்லை. ‘பத்து வருஷமா இப்படித்தான் ஓட்டுறேன்’ என்று அவர் சொன்னது பெருமைக்காக அல்ல, உண்மையைத்தான்.

பணம்

இறந்த பெண்ணின் வருமானத்தை மாதம் 12,000 என்று தீர்ப்பாயம் எடுத்துக்கொண்டது. நாற்பதுக்கும் ஐம்பதுக்கும் நடுவே வயது என்பதால் எதிர்கால உயர்வுக்கு 25 சதவீதம் கூட்டினால் 15,000. இது உச்ச நீதிமன்றம் 2017-ல் பிரணய் சேத்தி வழக்கில் சொன்ன கணக்கு. வருஷத்துக்கு 1,80,000. அவரை நம்பியிருந்தவர்கள் நான்கு பேர், கணவர், இரண்டு பிள்ளைகள், மாமியார், அதனால் சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 1,35,000. 42 வயதுக்குப் பெருக்கும் எண் 14. மொத்தம் 18,90,000. அதற்கு மேல் ஈமச்செலவு, துணை இழப்பு, வட்டி. காயம்பட்டவர்களின் மனுக்கள் தனி.

யார் கட்டுவது? வண்டிக்கு இன்சூரன்ஸ் இருந்தது. கம்பெனி வக்கீல் மூன்று விஷயத்தைச் சொன்னார். சரக்கு வண்டியில் சும்மா ஏறிய பயணிகளுக்கு நாங்கள் பொறுப்பில்லை என்பது ஒன்று, உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் சொன்னதுதான். டிரைவர் குடித்திருந்தார், அது பாலிசி நிபந்தனையை மீறியது என்பது இரண்டு. இரண்டு பேர் உட்காருகிற வண்டியில் பதின்மூன்று பேர் என்பது மூன்று. நாங்கள் அவர்கள் பயணிகள் இல்லை, சுமை ஏற்றப் போன வேலையாட்கள் என்று வாதாடினோம். கடைசியில் கம்பெனி முதலில் குடும்பத்துக்குக் கட்ட வேண்டும், பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளலாம் என்று உத்தரவு. அதாவது வண்டியில் ஏறவே ஏறாத, அன்று ராத்திரி போர்த்திக்கொண்டு தூங்கிய உரிமையாளர் மொத்தத்துக்கும் பொறுப்பு. வண்டிச் சேதத்துக்கு அவருக்கு ஒரு பைசா கிடைக்கவில்லை.

கிரிமினல் பக்கம், அலட்சியத்தால் மரணம் என்று பாரதிய நியாய சன்ஹிதா 106-வது பிரிவு, ஐந்து வருஷம் வரை. 185-க்கு முதல் முறை ஆறு மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் அபராதம் அல்லது இரண்டும், அடுத்த முறை இரண்டு வருஷமும் பதினைந்தாயிரமும். இதைவிடக் கடுமையாகவும் போகலாம். 2006-ல் மும்பை கார்ட்டர் ரோட்டில் நடைபாதையில் தூங்கிய ஏழு பேர் இறந்த வழக்கில், குடித்து ஓட்டியவருக்கு அலட்சியம் என்று விடாமல், கொலையாகாத மரணம் விளைவித்த குற்றத்தையே உச்ச நீதிமன்றம் 2012-ல் உறுதி செய்தது. நம் வழக்கில் போலீஸ் அந்தப் பிரிவுக்குப் போகவில்லை. போயிருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. குடித்தது தெரிந்தே ஏற்றிய மேஸ்திரி மேல் மோட்டார் வாகனச் சட்டத்தின் 188-வது பிரிவு, அதாவது உடந்தை, போட்டிருக்கலாம். சென்னையில் 2022-ல் கூடவே உட்கார்ந்து போனவர்களுக்கும் அதை வைத்து அபராதம் போட ஆரம்பித்தார்கள். இங்கே போடவில்லை.

எங்கே தடுத்திருக்கலாம்

டாஸ்மாக் மதியம் பன்னிரண்டிலிருந்து ராத்திரி பத்து வரை. போலீஸ் ஊதச் சொல்வது சாயங்காலத்திலிருந்து. நெடுஞ்சாலை ஓரத்துக் கடைகளை 500 மீட்டர் தள்ளச் சொன்ன உச்ச நீதிமன்றத்தின் 2016 உத்தரவு நல்லதுதான், ஆனால் இந்த விபத்து நடந்தது கிராமத்து ரோட்டில், குடித்தது வீட்டுத் திண்ணையில். மூன்று மணிப் பனியில் ஒரு கான்ஸ்டபிளை நிற்க வைத்தால் எல்லாம் சரியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை, ரோடுகள் ஏராளம்.

அந்தப் பகுதி விவசாயிகளும் மெஷின்காரரும் டிரைவர்களும் வழக்கு ஓடிக்கொண்டிருந்தபோதே உட்கார்ந்து பேசினார்கள், என்னையும் கூப்பிட்டார்கள். முதலில் ஊதிப் பார்க்கிற சின்ன மெஷின் ஒன்றை ஆன்லைனில் வாங்கினார்கள். மலிவு விலை, ஒரு சீசனிலேயே தாறுமாறான எண் காட்ட ஆரம்பித்தது, அளவு சரிபார்க்க ஆளில்லை, மூலைக்குப் போய்விட்டது. பிடித்துக்கொண்டது வேறொன்று. அறுவடை ராத்திரி வண்டிச் சாவி டிரைவர் வீட்டில் இருக்கக் கூடாது, கேரட் கழுவுகிற மெஷின் இருக்கிற இடத்தில் இருக்க வேண்டும், ஒரு மணிக்கு வந்து வாங்கிக்கொள்ள வேண்டும், வாடை வந்தால் சாவி இல்லை, அன்றைக்கு மாற்று டிரைவர், அந்த மாற்று டிரைவருக்குக் காத்திருந்ததற்கே கூலி. வாடை வைத்துச் சொல்வது விஞ்ஞானம் இல்லைதான், ஆனால் முழுக் குவாட்டர் போட்டுவிட்டு ஐந்து மணி நேரம் கழித்து வந்தவரைத் தெரிந்த ஆள் முகத்துக்கு நேரே பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். இன்னொன்று, வாடை அடிக்கிற வண்டியில் ஏற மாட்டேன் என்று சொல்கிற பெண்ணுக்கு அன்றைய கூலி உண்டு என்று எழுதி வைத்தார்கள். இதற்குத்தான் ரொம்பச் சண்டை நடந்தது. கூலி கொடுத்தால் சும்மாவே வாடை என்பார்கள் என்று ஒரு விவசாயி கத்தினார். இரண்டு சீசன் ஆகிறது, அப்படி யாரும் சொன்னதாக அவரே காட்டவில்லை.

அந்தக் கூட்டத்தில் ஒரு டிரைவர் கேட்டார், “வக்கீல் சார், ரெண்டு மணிக்கு வண்டி எடுக்கணும்னா எத்தனை மணிக்குள்ள குடிச்சா சரியா இருக்கும்?” கணக்குப் போட்டுச் சொன்னேன். குவாட்டர் முழுசாக இறங்கப் பத்து மணி நேரம், மெதுவான கல்லீரல் என்றால் பதினைந்து. அப்போது கடை திறந்ததும் வாங்கிக் குடித்தாலும் சிலருக்குப் பத்தாது. சிரித்தார்கள். பின்னால் உட்கார்ந்திருந்த வயசான டிரைவர் ஒருத்தர் எரிச்சலோடு, “அறுவடை நாள்ல கிடையாதுன்னு சொல்லிட்டுப் போங்க சார், எதுக்கு இத்தனை கணக்கு” என்றார். அதைத்தான் விதியாக எழுதினார்கள்.

டிரைவரின் லைசென்ஸை ஆர்.டி.ஓ. நிறுத்தி வைத்தது. காலம் முடிந்து திரும்பக் கிடைத்தும் அவர் வண்டி எடுக்கவில்லை, கேரட் கழுவுகிற இடத்தில் மூட்டை எண்ணுகிறார், மாத்திரை சாப்பிடுகிறார், நடுவில் ஒரு முறை மறுபடி குடித்து மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார். கிரிமினல் வழக்கு சாட்சி விசாரணையில் இருக்கிறது. இன்சூரன்ஸ் கம்பெனி உரிமையாளர் மேல் வசூல் மனு போட்டிருக்கிறது, அவர் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்திருக்கிறார், நிலத்தில் ஒரு பகுதி ஏற்கெனவே விலை பேசியாகிவிட்டது. இறந்த பெண்ணின் மகள் தன் பங்கில் ஒரு பகுதியை எடுத்துக் கோவையில் நர்சிங் சேர்ந்திருக்கிறாள், மீதி அவளுக்கும் தம்பிக்கும் வங்கியில் வைப்புத் தொகையாக இருக்கிறது.